படகு ஏற, மேட்டில் தண்ணீர் வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

சென்னை பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் படகில் போன காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

காலிங்கராயன் வாய்க்கால்ல அந்தக் காலத்துல படகுல சரக்குப் போச்சுங்களா? எங்கூர்ப் பெரியவங்க ரெண்டு விதமாச் சொல்றாங்க.
– ஈரோடு, கருங்கல்பாளையம் வாசகர்

காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் பாசனத்துக்காக வெட்டப்பட்டது. பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவுகள்தான் அதன் பெருமை. நிலத்தின் மட்டம் விடாமல் மேட்டோரமாகவே ஓட்டிக்கொண்டு போனால்தான் கீழே உள்ள வயல்கள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் தானாக இறங்கும். இன்றைய மட்டக் கருவிகள் இல்லாத காலத்தில் இந்த வாட்டத்தைப் பிடித்தவர்களின் திறமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் சரக்குப் படகுக்கு வேண்டியது வேறு; அதற்கு இந்த வாய்க்கால் ஏற்றதில்லை. பாசன வாய்க்கால் தலைமதகில் அகலமாக இருக்கும். ஒவ்வொரு மதகிலும் தண்ணீர் பிரியப் பிரிய ஒடுங்கிக்கொண்டே போய், கடைமடையில் ஆள் தாண்டும் அளவுக்கு வந்துவிடும். படகுக் கால்வாய் முதலிலிருந்து கடைசி வரை ஒரே அகலம், ஒரே ஆழம் இருக்க வேண்டும். பாசன வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும்; படகுக் கால்வாயில் அது ஏறக்குறைய நிற்க வேண்டும். ஓடும் தண்ணீரில் கீழே போவது சுலபம், திரும்பி வரும்போது கரையிலிருந்து படகை இழுக்கும் மாடு திணறும். அதோடு நம் வாய்க்காலைத் தூர்வார ஆண்டுதோறும் அடைப்பார்கள். அடைத்த நாளில் படகு தரை தட்டி நிற்கும்.

இரண்டையும் ஒரே கால்வாயில் செய்த இடமும் உண்டு. கோதாவரியில் 1847 முதல் 1852 வரை தௌலேஸ்வரம் அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், அதிலிருந்து பிரிந்த கால்வாய்களில் பாசனமும் நடத்தினார், படகும் விட்டார். மட்டம் குறையும் இடங்களில் தண்ணீர் விழ ஓர் அணை, அதன் பக்கத்திலேயே படகு இறங்க ஒரு லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) என்று அமைப்பு இருந்தது. கோதாவரி டெல்டா தட்டையான நிலம், பெரிய ஆறு. அதனால் அது முடிந்தது.

லாக் என்றால் என்ன? ஒரு குதிரை 30 டன் இழுத்தது என்று அமெரிக்காவின் ஈரி கால்வாய் பற்றிப் படித்தேன். நம்ப முடியவில்லை.
– திருப்பூர் வாசகர்

நம்பலாம். முதலில் லாக்கைச் சொல்லிவிடுகிறோம், அடுத்த பதிலுக்கும் அது தேவைப்படும்.

லாக் என்பது கால்வாயின் குறுக்கே கட்டிய கல் தொட்டி. இரு முனையிலும் கதவு உண்டு. மேல் பக்கம் கால்வாய் உயரத்திலும் கீழ்ப் பக்கம் தாழ்விலும் இருக்கும். ஏறும் படகு வரும்போது தொட்டித் தண்ணீர் கீழ் மட்டத்தில் இருக்க வேண்டும். படகு உள்ளே வந்ததும் கீழ்க் கதவைச் சாத்துவார்கள். பிறகு மேல் கதவில் உள்ள சின்ன ஷட்டரைத் தூக்கினால் மேல் கால்வாய்த் தண்ணீர் தொட்டிக்குள் வந்து படகைத் தூக்கும். இரு பக்க மட்டமும் சரியானதும் மேல் கதவைத் திறக்கலாம். அதற்கு முன் எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் கதவு அசையாது. இரட்டைக் கதவுகள் மேல் நீரைப் பார்த்துக் கூம்பி நிற்பதால், தண்ணீரின் பாரமே அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கெடுவது எங்கே என்று கேட்டால், நான்கு இடங்களில். ஷட்டரை ஒரே மூச்சில் தூக்கினால் உள்ளே நீர் கொந்தளித்துப் படகு கதவில் மோதும். இறங்கும்போது படகின் பின்பக்கம் மேல் கதவின் அடிவாசல் கல்லுக்கு மேல் நின்றுவிட்டால், தண்ணீர் இறங்க இறங்க பின்பக்கம் கல்லில் தங்கி, முன்பக்கம் மூழ்கும். கரைக் கட்டையில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தால் படகு கயிற்றில் தொங்கும். கயிற்றைக் கையில் பிடித்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான்காவது, கதவிடுக்கில் மரத்துண்டு மாட்டிக்கொள்வது. கதவு முழுதாகச் சேராது, இரவெல்லாம் நீர் கசிந்து மேல் கால்வாய் வற்றும்.

இனி குதிரை. ஈரி கால்வாய் 1817-இல் தொடங்கி 1825-இல் முடிந்தது. ஆல்பனி முதல் பஃபலோ வரை 363 மைல், 83 லாக்குகள். மேல் அகலம் 40 அடி, அடி அகலம் 28 அடி, ஆழம் 4 அடி. லாக் 90 அடி நீளம், 15 அடி அகலம். படகு 30 டன் ஏற்றும். கரையோரப் பாதையில் குதிரையோ கோவேறு கழுதையோ நடந்துகொண்டே இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள்.

வண்டிச் சக்கரம் மண்ணில் புதைகிறது, மேட்டில் பாரத்தைத் தூக்குகிறது. நிற்கும் தண்ணீரில் படகுக்கு மேடும் இல்லை, புதைவதும் இல்லை. எதிர்ப்பது தண்ணீரை ஒதுக்கும் வேலை மட்டும்தான். வேகம் இரட்டித்தால் அந்த எதிர்ப்பு நான்கு மடங்குக்கு மேல் ஏறும். அதனால் நடை வேகத்தில் 30 டன் இழுக்கும் குதிரை, ஓட்டத்தில் அதில் சிறு பங்கைத்தான் இழுக்கும். கால்வாயின் குறுக்குப் பரப்பும் முக்கியம். மேலே சொன்ன அளவுக்கு அது 136 சதுர அடி. 14 அடி அகலமும் 3 அடி மூழ்கலும் உள்ள படகு 42 சதுர அடியை அடைக்கும். மூன்று மடங்குக்குச் சற்றே மேல். இதற்கும் கீழே போனால் படகு தன் முன்னால் உள்ள தண்ணீரைப் பிஸ்டன் போலத் தள்ளத் தொடங்கும், பின்னால் உள்ள தண்ணீர் சரியும், குதிரை நின்றுவிடும். வேகமாகப் போனால் அலை கரையை அரிக்கும். அதனால்தான் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வைத்தார்கள்.

எதிரெதிரே இரண்டு படகு வந்தால்? ஒரு குதிரை நின்றுவிடும். அதன் கயிறு தொய்ந்து நீரில் அமிழும். மற்றப் படகு அதன் மேல் போய்விடும். கயிறு அமிழுமுன் அவசரப்பட்டால் குதிரையையே நீருக்குள் இழுத்துவிடும்.

கரை உடைவதுதான் நிரந்தரத் தொல்லை. நம்மூரில் நண்டு வளையும் எலி வளையும் செய்வதை அங்கே நீரெலி செய்தது. புதிய கால்வாயின் அடியிலும் பக்கத்திலும் களிமண்ணைக் குழைத்து மிதித்துப் பூசுவார்கள். காய விடக் கூடாது. காய்ந்து வெடித்த களிமண் பூச்சு பூசாததற்குச் சமம். லாக் சுவருக்கு நீரிலேயே இறுகும் சுண்ணாம்புக் காரை வேண்டும். அதற்கான சுண்ணாம்புக்கல்லைக் கேன்வாஸ் வைட் என்ற பொறியாளர் 1818-இல் அந்தப் பாதையிலேயே கண்டறிந்தது பெரும் உதவியானது.

பலன் என்ன? பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் கொண்டுபோகச் சுமார் 100 டாலராக இருந்த கூலி 10 டாலருக்கு வந்தது.

பொன்னானியிலிருந்து கோவைக்குப் படகுக் கால்வாய் வெட்ட ஆங்கிலேயர் யோசித்தார்கள் என்கிறார் என் நண்பர். உண்மையா? வெட்டியிருந்தால் கொங்கு நாடு எப்படி இருந்திருக்கும்?
– கோவை, பீளமேடு வாசகர்

யோசனை உண்மை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியது. சேலம், கோவை மாவட்டங்களும் அதில் துடித்தன. இரயிலுக்கே பணம் போகிறது, நீருக்குப் போகவில்லை என்று நெடுநாளாக வாதாடி வந்த ஆர்தர் காட்டன், 1878-இல் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழு முன் இந்தியா முழுவதற்குமான படகுக் கால்வாய்த் தடங்களைச் சொன்னார். கல்கத்தாவிலிருந்து கராச்சிக்கு ஒன்று, காக்கிநாடாவிலிருந்து சூரத்துக்கு ஒன்று, துங்கபத்திரை வழியே கார்வாருக்கு ஒன்று. அந்த வரிசையில் பொன்னானி ஆற்றின் வழியே ஏறி பாலக்காடு, கோவை வரும் தடமும் இருந்தது. பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்த எவருக்கும் வரும் ஆசைதான். மேற்குத் தொடர்ச்சி மலை அவ்வளவு அகலமாகத் தாழ்ந்து வழிவிடும் இடம் வேறில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இது எங்கள் கணக்கு. அளவுகளை ஈரி கால்வாயிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

கோவை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 411 மீட்டர், அதாவது 1,350 அடி. ஒரு லாக்குக்கு 8 அடி ஏற்றம் என்றால், பொன்னானிக் கடலிலிருந்து கோவைக்கு ஏற 170 லாக்குகள். அங்கிருந்து நொய்யலோரமாகக் காவிரிக் கரைக்கு இறங்க இன்னும் நூற்றுக்கு மேல். ஆக 270-க்குக் குறையாது. ஒரு லாக்குக்குப் பத்து நிமிடம் என்றாலும் கதவு திறந்து மூடவே 45 மணி நேரம் போய்விடும். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர்தான் இடிக்கிறது.

90 அடி நீளம், 15 அடி அகலம், 8 அடி ஏற்றம் உள்ள ஒரு லாக்கை நிரப்ப 10,800 கன அடி நீர் வேண்டும். மேட்டைத் தாண்டும் ஒவ்வொரு படகும், ஏறும் பக்கம் ஒரு தொட்டியும் இறங்கும் பக்கம் ஒரு தொட்டியும் நீரை மேட்டிலிருந்து கீழே கொண்டுபோகும். மொத்தம் 21,600 கன அடி. நாளைக்கு 20 படகு என்றால் 4,32,000 கன அடி. இது விநாடிக்கு 5 கன அடி ஓட்டம், இரவு பகல் நிற்காமல். ஏறும் படகும் இறங்கும் படகும் மாறி மாறி வந்தால் இதில் ஏறக்குறைய பாதி மிச்சமாகும், ஆனால் சந்தை நாளில் படகுகள் அப்படி முறை வைத்து வருவதில்லை. அடுத்தது ஆவியாவது. 40 அடி அகலமுள்ள கால்வாய், கோடையில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் வற்றினால், 100 கிலோமீட்டருக்கு விநாடிக்கு 3 கன அடி அதிலேயே போகும். கசிவு அதைவிடப் பல மடங்கு. நம் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான்கல் படுகை வந்தால் களிமண் பூச்சு இல்லாத இடமெல்லாம் சல்லடைதான்.

5 கன அடி அதிகமா என்று தோன்றலாம். ஒரு கன அடி ஓட்டம் சுமார் 60 ஏக்கர் நெல்லுக்குப் போதும் என்பது பாசனத்தில் பழகிய கணக்கு. படகுக்கு மட்டும் 300 ஏக்கர் நெல்லின் தண்ணீர். கசிவையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? மேட்டில் இருப்பது நொய்யல். மழைக்காலத்தில் பொங்கி, பிறகு மணலாகும் ஆறு. அதன் அணைக்கட்டுகளில் பிரியும் நீர் உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம் என்று வரிசையாகக் குளங்களுக்குப் போய், ஒவ்வொரு குளத்துக்கும் ஆயக்கட்டு உண்டு. கவலை (மாட்டு ஏற்றம்) ஓட்டிக் கிணற்றிலிருந்து சால் சாலாக நீர் இறைத்த மக்களிடம் போய், படகுக்கு ஐந்து கன அடி கொடுங்கள் என்று கேட்டிருக்க முடியாது. கேட்கவும் கூடாது.

ஈரி கால்வாய் ஓடியதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அதன் மேற்கு முனை, கிழக்கு முனையில் உள்ள ஹட்சன் ஆற்றைவிடச் சுமார் 570 அடி உயரத்தில் இருந்தது, அந்த உயரத்தில் ஈரி என்ற கடல் போன்ற ஏரியே இருந்தது. மேட்டிலிருந்து எவ்வளவு எடுத்தாலும் அந்த ஏரிக்குத் தெரியாது. நடுவில் ரோம் என்ற ஊரருகே இரண்டாவது மேடு வந்தது. அங்கே ஏரி இல்லாததால் ஓடைகளைத் திருப்பியும் நீர்த்தேக்கம் கட்டியும் ஊட்ட வேண்டியிருந்தது.

நம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. துங்கபத்திரையில் சுங்கேசுலாவிலிருந்து கடப்பை வரை 190 மைல் கர்நூல்–கடப்பைக் கால்வாயை ஒரு தனியார் கம்பெனி அரசின் வட்டி உத்தரவாதத்தோடு வெட்டியது. பாசனம், படகு இரண்டும் நோக்கம். எதிர்பார்த்த வருமானம் வரவே இல்லை. 1882-இல் அரசே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

காட்டன் இதைச் சொல்வதற்கு முன்பே கோவைக்கு வேறு வழி வந்துவிட்டது. சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர், பாலக்காடு வழியாக பேப்பூருக்கு 1862-இல் இரயில் ஓடத் தொடங்கியது. எஞ்சினுக்கு நிலையத்துக்கு ஒரு தொட்டித் தண்ணீர் போதும். அதுவரை கோவைப் புகையிலையும் பருத்தியும் மலபாருக்குப் போனதும், தேங்காயும் பாக்கும் திரும்பி வந்ததும் பாரவண்டியில்தான். ஒரு ஜோடி மாடு நல்ல சாலையில் அரை டன் முதல் முக்கால் டன் வரை இழுக்கும். மேலே சொன்ன 20 படகின் 600 டன்னுக்கு ஆயிரம் வண்டி பூட்ட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். காட்டனின் ஆசை வெறும் கற்பனை இல்லை; அவர் பார்த்த செலவு மிச்சம் உண்மையானது. கோதாவரியில் அது பலித்தது. கொங்கு மேட்டில் பலிக்க நீர் இல்லை.

அமெரிக்க ஏரிகளில் கப்பலே ஓடியதாமே? ஏரியில் என்ன பெரிய கப்பல்?
– நாமக்கல் வாசகர்

அந்த ஐந்து ஏரிகளில் சுப்பீரியர் மட்டும் 82,000 சதுர கிலோமீட்டர். கரை கண்ணுக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் கோதுமை, மரம், இரும்புத் தாது மூன்றும்தான் பெரிய சரக்கு. இரண்டு, மூன்று பாய்மரம் உள்ள ஸ்கூனர்கள் ஏற்றின.

ஏரிகளுக்கு நடுவே இரண்டு தடை. நயாகரா அருவியைச் சுற்றி 1829-இல் வெல்லண்ட் கால்வாய் வந்தது. அதன் முதல் லாக்குகள் 110 அடி நீளம், 22 அடி அகலம், 8 அடி ஆழம். சுப்பீரியரிலிருந்து இறங்கும் செயின்ட் மேரி ஆற்றின் பாறை ஓட்டத்தைத் தாண்ட 1855-இல் சூ லாக்குகள் வந்தன; 350 அடி நீளம், 70 அடி அகலம். அதற்குப் பிறகுதான் இரும்புத் தாது பெருவாரியாகக் கீழே இறங்கியது. வெல்லண்ட் வழியே போக வேண்டிய கப்பலை அந்த லாக்கின் அளவுக்கே கட்டினார்கள். முன்பக்கம் செங்குத்து, பக்கம் நேர்ச் சுவர், அடி தட்டை. சாலை விதி அனுமதிக்கும் அளவுக்குள் அங்குலம் விடாமல் லாரி பாடி கட்டும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும். அடி தட்டையான கப்பல் பாய் விரித்தால் பக்கவாட்டில் நழுவும். அதற்காக நடுவில் ஒரு பலகையை வேண்டும்போது நீருக்குள் இறக்கி, ஆழம் குறைந்த இடத்தில் தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது.

கோதுமையைக் கூடையில் சுமந்து இறக்கிய வேலையை, 1842-இல் பஃபலோவில் ஜோசப் டார்ட் நீராவியால் ஓடும் வாளிப் பட்டையால் மாற்றினார். அதுதான் துறைமுகத்தின் வேகத்தை மாற்றியது.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். நன்னீருக்குக் கடல் நீரைவிட அடர்த்தி சுமார் 2.5 விழுக்காடு குறைவு, அதனால் அதே பாரத்துக்குக் கப்பல் சற்று அதிகம் மூழ்கும். ஏரி அலை கடல் அலையைவிடக் குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். கடலில் புயல் வந்தால் விலகி ஓட இடம் உண்டு; ஏரியில் எந்தப் பக்கம் ஓடினாலும் கரை. தானியத்தைத் தடுப்பு வைக்காமல் கொட்டினால் ஒரு பக்கம் சரிந்து கப்பல் கவிழும். அடியில் நீர் கசிந்தால் தானியம் ஊதிப் பலகை இணைப்பையே பிளக்கும். 1860 செப்டம்பரில் மிச்சிகன் ஏரியில் லேடி எல்ஜின் என்ற பயணக் கப்பலை ஒரு மரம் ஏற்றிய ஸ்கூனர் இரவில் மோதியது. சுமார் 300 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை பனிக்கட்டியால் போக்குவரத்தே நின்றுவிடும்.

ஆனைமலைத் தேக்கை ஆற்றில் மிதக்க விட்டார்களா?
– பொள்ளாச்சி வாசகர்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போனது. யானை இழுத்து, மலைச் சரிவில் சறுக்கி இறக்கி, பிறகு வண்டியிலும் ஆற்றிலுமாக மேற்குக் கரைக்கு. டாப்ஸ்லிப் அந்தச் சறுக்கலின் உச்சிதான்.

கவனிக்க வேண்டியது: பச்சைத் தேக்கு சரியாக மிதக்காது. வெட்டிய உடன் ஆற்றில் தள்ளினால் அடியில் போய்க் கிடக்கும். அதனால் மரம் நிற்கும்போதே அடியில் சுற்றிலும் பட்டையும் வெள்ளை மரமும் போக, வைரம் தெரியும் வரை வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டில் காயும். பிறகு வெட்டினால் மிதக்கும், வெடிப்பும் குறையும். வளையத்தில் வெள்ளை மரம் விரல் அகலம் விட்டுப்போனாலும் மரம் பிழைத்துக்கொள்ளும், அத்தனை ஆண்டும் வீண். பாரமான கட்டைகளோடு மூங்கில் கட்டுகளைச் சேர்த்துப் பிணைப்பது மிதப்பைக் கூட்டும்.

காவிரிப் பரிசல் எவ்வளவு பாரம் தாங்கும்?
– கொடுமுடி வாசகி

அகலத்தைச் சொன்னால் கணக்கு வந்துவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள பரிசலின் அடிப்பரப்பு சுமார் 3.1 சதுர மீட்டர். ஒவ்வொரு 100 கிலோவுக்கும் அது 3 செ.மீ.க்குச் சற்று அதிகம் அமிழும். 600 கிலோ ஏற்றினால் 19 செ.மீ. முழங்கால் ஆழத் தண்ணீரில் ஆறு மூட்டை போகும் என்பது அதன் பலம். பாறைப் படுகையும் மணல் திட்டும் மாறி மாறி வரும் நம் காவிரிக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. ஆனால் ஆற்றைக் குறுக்கே கடக்கத்தான். கீழே மிதந்து போய்விடலாம், எதிர்நீரில் திரும்பி வர முடியாது. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரம் நடந்துதான் வருவார்கள்.

மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பைத் தடிமனாக முறுக்கிக் கட்டி, வெளியே மாட்டுத்தோல் போர்த்துவது பழைய முறை. இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். தோல் பரிசலைக் கரையேற்றியதும் கவிழ்த்து உலர்த்த வேண்டும், ஈரத்தோடு கிடந்தால் தையல் ஓரத்தில் அழுகும். தார்ப் பரிசலுக்கு எதிரி வெயில்; கவிழ்த்து நிழலில் வைக்காவிட்டால் தார் உருகி வழிந்து, மெலிந்த இடம் பாறையில் உரசிக் கிழியும். பாரத்தை நடுவில் வையுங்கள். விளிம்பில் இருவர் சேர்ந்து ஒரே பக்கம் சாய்வதுதான் கவிழ்வதற்கு முதல் காரணம்.

பரிசல், படகுத் துறைகளைக் குத்தகைக்கு விடுவதும் கட்டணம் வகுப்பதும் சென்னை மாகாணத்தில் 1890-ஆம் ஆண்டின் கால்வாய்கள், பொதுத் துறைகள் சட்டத்தின் கீழ் வந்தன. பூலாம்பட்டி – நெரிஞ்சிப்பேட்டை இடையே இன்று விசைப்படகு ஓட, கதவணை தேக்கி வைத்த நிற்கும் நீர் உதவுகிறது.

பள்ளிக் கண்காட்சிக்கு லாக் மாதிரி செய்ய வேண்டும். மாணவர்களே செய்யும்படி சொல்லுங்கள்.
– கோபிசெட்டிபாளையம் ஆசிரியை

100 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று மீன் தொட்டிக் கடையில் ஒட்டித் தருவார்கள். ஒரு முனையிலிருந்து 35 செ.மீ.யிலும் 65 செ.மீ.யிலும் மேலும் கீழும் நகரும் இரண்டு அக்ரிலிக் கதவுகள் வையுங்கள். பக்கத்துக்கு ஒரு காடி. காடிக்குள்ளும் அடியிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் கசிவு நிற்கும். ஒவ்வொரு கதவிலும் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு துளையிட்டு ரப்பர் அடைப்பான் போடுங்கள், அதுதான் ஷட்டர். அடைப்பானில் நூல் கட்டி மேலே விடுங்கள்.

மேல் பகுதியில் 15 செ.மீ., நடுவிலும் கீழ்ப் பகுதியிலும் 8 செ.மீ. தண்ணீர். கீழ்ப் பகுதியின் கடைசிச் சுவரில் 8 செ.மீ. உயரத்தில் ஒரு வடிகுழாய் இருக்கட்டும், மட்டம் ஏறாது. தெர்மோகோல் படகுக்கு ஐந்து ரூபாய் நாணயம் மூன்று வைத்தால் பாரம் போதும். பாரம் இல்லாத படகு நீரோட்டத்தில் சாயும்.

முதல் ஓட்டத்திலேயே மாணவர்கள் திகைப்பார்கள். மேல் அடைப்பானை எடுத்ததும் நடுத்தொட்டி 15 செ.மீ.க்கு ஏறாது, சுமார் 12 செ.மீ.யிலேயே நின்றுவிடும். நடுத்தொட்டியை நிரப்ப 3,150 மில்லி நீர் வேண்டும். மேல் பகுதியின் பரப்பு சிறிது என்பதால் அது கொடுக்கக் கொடுக்க அதன் மட்டமே இறங்கிவிடும். தொட்டி பழுது என்று நினைத்துப் பிரித்துவிட வேண்டாம். பக்கத்தில் உயரமாக ஒரு வாளி வைத்து, குழாய் வழியே மேல் பகுதிக்கு விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். படகு ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் வாளியில் எத்தனை லிட்டர் குறைந்தது என்று ஒரு மாணவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லி, வெறும் படகுக்கும் பாரப் படகுக்கும் தனித்தனியே பார்க்கட்டும். இரண்டுக்கும் லாக்கை நிரப்பும் நீர் ஒரே அளவுதான். ஏன் என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.